விறகுக்குக் கணக்கு உண்டு, காற்றுக்கு?

திருப்பூர், ஈரோடு பக்கம் சாயப்பட்டறை நடத்துகிறவர்களிடம் நேற்று எவ்வளவு விறகு எரிந்தது என்று கேளுங்கள், உடனே சொல்வார்கள். எடைமேடைச் சீட்டு இருக்கிறது, லாரிக்காரருக்குத் தர வேண்டிய பாக்கி இருக்கிறது. தண்ணீருக்கும் மீட்டர் உண்டு. அதே பாய்லர் உலைக்குள் நேற்று எவ்வளவு காற்று போனது என்று கேட்டால் சிரிப்பார்கள். காற்றுக்கு யார் பில் போடுகிறார்கள்?

எடை போட்டுப் பார்த்தால் உலைக்குள் போகிறவற்றில் காற்றுதான் முதலிடம். ஒரு கிலோ காய்ந்த விறகு முழுதாக எரிய ஏறத்தாழ 6 கிலோ காற்று வேண்டும். விறகில் 20 சதவீதம் ஈரம் இருந்தால் 5 கிலோவுக்குச் சற்றுக் குறைவாகப் போதும். ஆனால் உள்ளே போகும் காற்று முழுவதும் நெருப்போடு கலந்துவிடுவதில்லை. அதனால் கையால் விறகு போடும் உலைக்குத் தேவையைப் போல ஒன்றரை மடங்கு கொடுப்பது வழக்கம். கிலோவுக்கு 7 கிலோ சொச்சம் என்று வைத்துக்கொள்ளலாம். மணிக்கு 2 டன் நீராவி தரும் பாய்லர் முழுச் சுமையில் ஓடும்போது மணிக்கு அரை டன் விறகு கேட்கும். அந்த ஒரு மணி நேரத்தில் மூன்றரை டன்னுக்கு மேல் காற்று உள்ளே நுழைந்து சிம்னி வழியே போகிறது. கன அளவில் சொன்னால் 3,000 கன மீட்டருக்கு மேல்.

இந்தக் காற்று குறைந்தாலும் நஷ்டம், கூடினாலும் நஷ்டம். குறைந்தால் சிம்னி கரும்புகை கக்கும், அக்கம்பக்கத்தார் போன் செய்துவிடுவார்கள். கூடினால் ஒருவரும் சொல்ல மாட்டார்கள். சிம்னி பார்க்கச் சுத்தமாக இருக்கும், விறகுச் செலவு மட்டும் சத்தமில்லாமல் ஏறும். இரண்டில் மோசமானது இதுதான் என்பேன்.

எவ்வளவு ஏறும்? கூடுதல் காற்று 50 சதவீதத்தில் நிற்க வேண்டியது 150 சதவீதமாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். கிலோ விறகுக்குக் கிட்டத்தட்ட 5 கிலோ காற்று வேலை எதுவும் செய்யாமல் உள்ளே வந்து, 30 டிகிரியிலிருந்து 220 டிகிரிக்குச் சூடாகி வெளியே போகிறது. அது கொண்டுபோகும் வெப்பம் 220 கிலோகலோரி அளவுக்கு வரும். அந்தக் கிலோ விறகின் மொத்த வெப்பமே 3,400 கிலோகலோரியை ஒட்டித்தான். நூற்றுக்கு ஆறு, ஏழு பங்கு விறகு வெறும் காற்றைச் சூடாக்கப் போகிறது. மணிக்கு அரை டன் எரிக்கிற பட்டறையில் இரண்டு ஷிப்டுக்கு இது அரை டன் ஆகிவிடும்.

காற்று போகும் பாதையைத் தெரிந்துகொண்டால் பராமரிப்பு பாதி புரிந்த மாதிரி. எஃப்.டி. (ஃபோர்ஸ்டு டிராஃப்ட்) ஃபேன் வெளிக்காற்றை இழுத்து, டக்ட் வழியாக, விறகைத் தாங்கும் கம்பித் தட்டான கிரேட்டுக்கு அடியில் தள்ளுகிறது. கிரேட் கம்பிகளின் இடுக்கு வழியே அது மேலேறி விறகைத் தொடுகிறது. எரிந்த புகை ட்யூப்களுக்குள் ஓடித் தண்ணீரைச் சூடாக்கிவிட்டு, உலைக்குப் போகும் காற்றைப் புகையின் சூட்டால் சூடாக்கும் ஏர் ப்ரீஹீட்டர் இருந்தால் அதையும் கடந்து, சைக்ளோனில் சாம்பல் தூசியை உதிர்த்துவிட்டு, ஐ.டி. (இன்டியூஸ்டு டிராஃப்ட்) ஃபேனுக்கு வருகிறது. ஐ.டி. ஃபேன் அதை இழுத்து சிம்னிக்குள் தள்ளுகிறது. முன்னால் ஒருவர் தள்ள, பின்னால் ஒருவர் இழுக்க, நடுவில் இருக்கும் உலையில் அழுத்தம் வெளிக்காற்றைவிட ஒரு பொட்டு குறைவாக நிற்க வேண்டும். இந்த ஒரு பொட்டைக் காப்பாற்றத்தான் இத்தனை பாடும்.

இன்னொரு பாதையும் உண்டு, அதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். காய்ந்த விறகின் எடையில் முக்கால் பங்குக்கு மேல் வாயுவாக மாறி, மேலே எழும்பித்தான் எரிகிறது. கங்காகக் கிரேட்டில் கிடந்து எரிவது மிச்சம் மட்டுமே. ஆகவே கீழிருந்து வரும் காற்று போதாது. விறகுக்கு மேலே, சுவாலை இருக்கிற இடத்தில், சிறு துளைகள் வழியாக வேகமாக ஒரு பங்கு காற்று பாய வேண்டும். செகண்டரி ஏர் என்பார்கள். பாய்லர் நிறுவிய நாளில் திறந்து வைத்த, அந்தக் காற்றைக் கூட்டிக் குறைக்கும் தகடான டேம்பர் துருப்பிடித்து இறுகிப்போயிருக்கும், அல்லது துளைகளைச் சாம்பலும் உதிர்ந்த ஃபயர் பிரிக் துண்டும் அடைத்திருக்கும். அப்போது ஃபயர்மேன் என்ன செய்வார்? கரும்புகையைப் பார்த்துக் கீழ்க்காற்றைக் கூட்டுவார். விறகு இன்னும் வேகமாக வாயுவை விடும், புகை இன்னும் கறுக்கும். அடைப்பை எடுத்துவிட்டால் கீழ்க்காற்றைக் கூட்டாமலே புகை தெளியும். ஒரே மூச்சில் உலையை நிரப்பாமல் கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி விறகு போடச் சொல்வதும் இதற்காகத்தான். மொத்தமாகப் போட்டால் முதல் சில நிமிடங்களில் வாயு பொங்கிவிடும், எந்தக் காற்றாலும் ஈடுகொடுக்க முடியாது.

கிரேட்

காற்றுப் பாதையில் அதிகம் அடைபடும் இடம் இதுதான், அதிகம் அலட்சியப்படுத்தப்படும் இடமும் இதுதான். சீமைக்கருவேல விறகோடு வேர்க்கட்டையும் வரும், வேரோடு மண்ணும் வரும். விறகுச் சாம்பலில் உள்ள பொட்டாசியம், மண்ணில் உள்ள மணலோடு சேர்ந்து சூட்டில் உருகி, கண்ணாடி போல இறுகிக் கம்பிகளின் இடுக்கில் உட்கார்ந்துகொள்ளும். கிளிங்கர் என்பது இதைத்தான். பழைய பேக்கிங் கட்டை எரித்தால் ஆணிகள் வேறு வந்து குறுக்கே சிக்கும்.

வாரம் ஒருநாள், உலை நன்றாக ஆறி, இரண்டு ஃபேனும் நின்றபின், ஒரு சின்ன சோதனை செய்து பாருங்கள். தீக்கதவு வழியாகக் கிரேட்டுக்கு மேலே ஒரு விளக்கை வையுங்கள். கீழே சாம்பல் குழிக்குள் ஒரு முகக்கண்ணாடியைத் தள்ளிப் பாருங்கள், தலையை உள்ளே விட வேண்டாம். திறந்திருக்கும் இடுக்குகள் வெளிச்சக் கோடுகளாகத் தெரியும். கோடு அறுந்து இருட்டாக இருக்கும் இடத்தில் காற்று ஏறுவதில்லை. அடைபட்ட பகுதிக்குப் போக வேண்டிய காற்றும் சேர்ந்து, திறந்திருக்கும் நாலு இடுக்கு வழியே சீறிக்கொண்டு போகும். அங்கே விறகுப் படுக்கையில் ஓட்டை விழும், தீப்பொறியும் சாம்பலும் ட்யூப்களுக்குப் பறக்கும். மற்ற பக்கம் விறகு கனன்று புகைந்துகொண்டிருக்கும். ஒரே உலையில் ஒருபுறம் காற்று மிச்சம், மறுபுறம் பஞ்சம்.

சாம்பல் குழியை ஒவ்வொரு ஷிப்டிலும் வழிப்பது சுத்தத்துக்காக மட்டும் அல்ல. கீழிருந்து ஏறும் காற்றுதான் கிரேட் கம்பிகளைக் குளிர்விக்கிறது. சாம்பல் குவிந்து கம்பியைத் தொட்டுவிட்டால் அந்த இடத்தில் காற்று நின்று, கம்பி பழுக்கக் காய்ந்து, தொய்ந்து, கடைசியில் உடைந்துவிடும். வார்ப்பு மட்டம் என்று சப்ளையரைத் திட்டுவோம். பாதி நேரம் குற்றவாளி சாம்பல்தான். உடைந்த ஒரு கம்பியை “அடுத்த மாதம் பார்ப்போம்” என்று விட்டுவைப்பதும் கூடாது. அந்த ஓட்டை வழியாக எஃப்.டி. காற்றில் பெரும்பங்கு சும்மா போய்விடும்.

அழைக்காமல் வரும் காற்று

இளநீர் குடிக்கும் ஸ்ட்ராவில் ஒரு கீறல் இருந்தால் எவ்வளவு உறிஞ்சினாலும் வாய்க்கு வருவது காற்றுதான். ஐ.டி. ஃபேனுக்கும் உலைக்கும் இடையே உள்ள ஒவ்வொரு கதவும் மூடியும் ஃபிளாஞ்சும் அப்படிக் கீறல் விழக்கூடிய இடம். ஃபேன் ஓடுகிறது, ஆம்பியர் காட்டுகிறது, உலையிலோ இழுப்பு இல்லை. விறகு போடக் கதவைத் திறந்தால் நெருப்பு முகத்துக்கு வருகிறது. “பெரிய ஐ.டி. ஃபேன் போட வேண்டும் சார்” என்று பேச்சு ஆரம்பமாகும். அதற்கு கொட்டேஷன் வாங்குமுன் ஒரு கட்டு ஊதுபத்தி வாங்குங்கள்.

ஃபேன் ஓடும்போது ட்யூப்களைத் துப்புரவு செய்யும் பின்கதவு, டக்ட் இணைப்புகள், சைக்ளோன் அடிவாய், ஐ.டி. ஃபேன் உறிஞ்சும் வாயின் ஓரங்கள் என்று ஊதுபத்தியை மெதுவாகக் கொண்டுபோனால், புகை எங்கே சட்டென்று உள்ளே வளைகிறதோ அங்கே கசிவு. கதவு ஓரத்தில் உள்ள கயிறு தட்டையாகி, கண்ணாடி போல இறுகியிருந்தால் மாற்றிவிட வேண்டும். செராமிக் கயிறோ கண்ணாடி இழைக் கயிறோ போடலாம். எங்கேயாவது பழைய ஆஸ்பெஸ்டாஸ் கயிறு மிச்சம் கிடந்தால் அதைத் தொடாதீர்கள், அதன் தூசி நுரையீரலுக்கு விஷம்.

சைக்ளோன் அடிவாயைத் தனியாகச் சொல்ல வேண்டும். சாம்பல் எடுக்கிறவர் மூடியைச் சரியாக மூடாமல் போனால் வெளிக்காற்று கீழிருந்து சுழன்றேறி, விழுந்த தூசியையே மறுபடி தூக்கிக்கொண்டு போகும். சைக்ளோன் இருந்தும் இல்லாத கதைதான். தூசி ஐ.டி. ஃபேன் இறக்கையைத் தேய்க்கும், மீதி பக்கத்து வீட்டு மாடியில் காயும் துணியில் படியும்.

ஏர் ப்ரீஹீட்டரில் ட்யூப் ஓட்டையானால் இன்னும் சூழ்ச்சியான கசிவு. எஃப்.டி. தள்ளிய காற்று உலையைப் பார்க்காமலே, ஓட்டை வழியாகப் புகைப் பக்கம் போய் ஐ.டி.யிடம் சேர்ந்துவிடும். இரண்டு ஃபேனும் மும்முரமாக ஓடும், உலைக்குள் போவது குறைவு. கண்ணால் இதைக் கண்டுபிடிக்க முடியாது. புகையில் உள்ள ஆக்சிஜனை ப்ரீஹீட்டருக்கு முன்னும் பின்னும் அளந்தால் தெரிந்துவிடும். எனர்ஜி ஆடிட் செய்கிறவர்கள் கையடக்கக் கருவியோடு வந்து அளந்து தருவார்கள். 50 சதவீதக் கூடுதல் காற்றுக்கு ஆக்சிஜன் 7 சதவீதம் அளவில் நிற்கும், அதுவே 10, 11 ஆனால் கூடுதல் காற்று நூறு சதவீதத்தைத் தொட்டுவிட்டது. உலையை விட்டு வெளியேறும் இடத்தில் 7, சிம்னி அடியில் 13 என்று காட்டினால் குறை நெருப்பில் இல்லை, நடுவில் உள்ள ஓட்டையில்.

ஃபேன்கள்

எஃப்.டி. ஃபேனின் எதிரி பஞ்சுத் தூசி. பின்னலாடைத் துணி உலரும் இடத்துக்குப் பக்கத்தில் ஃபேன் இருந்தால், உறிஞ்சும் வாயின் வலைமேல் கம்பளி போர்த்தின மாதிரி படிந்துவிடும். இதைத் துடைக்க ஐந்து நிமிடம் போதும். வேடிக்கை என்னவென்றால், இப்படி அடைபட்டால் மோட்டார் ஆம்பியர் பொதுவாகக் குறையும், ஏனென்றால் தள்ளக் காற்று இல்லை. கரண்ட் குறைந்துவிட்டது என்று சந்தோஷப்படுகிறவர்களும் உண்டு.

அடுத்தது பெல்ட். பெல்ட் வழுக்கி ஃபேன் சுற்று 10 சதவீதம் குறைந்தால் காற்றும் 10 சதவீதம் குறையும், அழுத்தம் 19 சதவீதம் குறையும். புல்லிக் காடி பளபளவென்று மின்னினால் பெல்ட் வழுக்குகிறது, அல்லது தேய்ந்து காடியின் அடியில் உட்கார்ந்துவிட்டது என்று பொருள். இரண்டு புல்லிகளின் முகத்தையும் தொட்டு ஒரு நூலை இழுத்துப் பிடித்தால் நேர்கோட்டில் இருக்கின்றனவா என்று தெரியும். மூன்று பெல்ட்டில் ஒன்று அறுந்தால் மூன்றையும் சேர்த்து மாற்றுவதுதான் முறை. புதிய பெல்ட் ஒன்று, நீண்டுபோன பழையது இரண்டு என்றால் சுமை முழுவதும் புதியதன்மேல் விழுந்து அதுவும் சீக்கிரம் போய்விடும்.

மோட்டார் காயில் கட்டிக்கொண்டு வந்து மாட்டியபின் சுற்றும் திசையைப் பாருங்கள். ஃபேஸ் மாறி எதிர்த்திசையில் சுற்றினாலும் இந்த மையவிலக்கு வகை ஃபேன் காற்றை அதே பக்கம்தான் தள்ளும், ஆனால் அளவு வெகுவாகக் குறைந்துவிடும். கை வைத்துப் பார்த்தால் காற்று வருகிறதே என்று விட்டுவிட்டு நாட்கணக்கில் கரும்புகைக்குக் காரணம் தேடுவோம். உறையின்மேல் அம்புக்குறி வரைந்து வைத்தால் இந்தத் தலைவலி இல்லை.

டேம்பர் கைப்பிடியையும் நம்பிவிடக் கூடாது. கைப்பிடி ‘திறந்தது’ என்று நிற்கும், உள்ளே தகடு தண்டிலிருந்து கழன்று மூடியே கிடக்கும். தண்டின் முனையில், தகடு இருக்கும் வாக்கில் ரம்பத்தால் ஒரு கோடு கீறிவிட்டால் உண்மை நிலை வெளியிலேயே தெரியும். வேகத்தை மாற்றும் டிரைவ் போட்டவர்கள் டேம்பரை முழுதாகத் திறந்துவிட்டு வேகத்தால் மட்டும் கட்டுப்படுத்த வேண்டும். சுற்று 20 சதவீதம் குறைந்தால் ஃபேன் எடுக்கும் மின்சாரம் கிட்டத்தட்டப் பாதியாகும். டேம்பரைப் பாதி மூடி வைத்துக்கொண்டு டிரைவைக் கூட்டி ஓட்டினால் அந்த லாபம் கிடைக்காது.

ஐ.டி. ஃபேனுக்குத் தூசியும் சூடும் சேர்ந்த பிழைப்பு. இறக்கையின் முதுகில் சாம்பல் படியும். ஒரு இறக்கையிலிருந்து மட்டும் கட்டி உதிர்ந்தால் எடை சமன் கெட்டு ஃபேன் அதிரும், பேரிங் போகும். துப்புரவு செய்யும்போது எல்லா இறக்கைகளையும் ஒரே அளவுக்குச் சுரண்டி எடுக்க வேண்டும். அதிர்வு வந்ததும் கிரீஸ் அடிப்பது நம் ஊர் வைத்தியம். பேரிங்கில் கிரீஸ் அளவுக்கு மீறினாலும் அது சூடேறும்.

இழுப்பை அளப்பது

உலையின் இழுப்பை எண்ணாகப் பார்க்க விலை உயர்ந்த கருவி தேவையில்லை. ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் குழாயை வளைத்துப் பலகையில் கட்டி, கலர் கலந்த தண்ணீர் விட்டு, ஒரு முனையை உலையோடு இணைத்தால் போதும். சாயப்பட்டறையில் கலருக்கா பஞ்சம்? உலையில் இருக்க வேண்டிய இழுப்பு 2 முதல் 5 மில்லிமீட்டர் தண்ணீர் அளவுதான் என்பதால் நட்டமாக நிற்கும் குழாயில் அது சரியாகத் தெரியாது. பத்துக்கு ஒன்று என்ற சரிவில் குழாயைச் சாய்த்து வைத்தால் 2 மில்லிமீட்டர் 20 ஆக நீளும். உலையில் ஒன்று, ஐ.டி. ஃபேன் வாயில் நிமிர்ந்த குழாய் ஒன்று, இந்த இரண்டும் இருந்தாலே பாதி நோய் பிடிபடும். ஐ.டி. வாயில் இழுப்பு வழக்கத்தைவிடக் கூடி, உலையில் குறைந்தால் நடுவில் அடைப்பு: ட்யூப்களில் கரி, அல்லது சைக்ளோன் நிரம்பிவிட்டது. ஐ.டி. வாயில் இழுப்பு குறைந்து ஆம்பியர் கூடினால் கசிவு.

இனி, உயிர் சம்பந்தப்பட்டது. பாய்லரைத் தொடங்கும்போது முதலில் ஐ.டி., சில நிமிடம் கழித்து எஃப்.டி. நிறுத்தும்போது முதலில் எஃப்.டி., பிறகு ஐ.டி. ஐ.டி. நின்றால் எஃப்.டி. தானாக நிற்கும்படி இன்டர்லாக் இருக்கும். அவசரத்துக்கு அதைக் கழற்றிப் போட்டவர்கள் இன்றே மாட்டிவிடுங்கள். கரண்ட் போனால் இரண்டும் நின்றுவிடும், ஆனால் விறகு நிற்காது, வாயுவை விட்டுக்கொண்டே இருக்கும். அந்த நேரத்தில் எஃப்.டி. டேம்பரை மூடி, ஐ.டி. டேம்பரைத் திறந்தே வைத்தால் சிம்னி தன் உயரத்தால் கொஞ்சம் இழுத்துக்கொள்ளும். அதற்குள் அவசரப்பட்டுத் தீக்கதவைத் திறந்தால் தேங்கிய வாயு காற்றுப் பட்டுக் குபீரென்று முகத்தில் பற்றும். கரண்ட் வந்ததும் ஐ.டி.யை மட்டும் சற்று ஓடவிட்டு, பிறகு மற்றது. ஃபேனுக்குள்ளோ டக்ட்டுக்குள்ளோ கை வைக்குமுன் மெயின் ஸ்விட்சை இறக்கிப் பூட்டி, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ள வேண்டும். கனன்றுகொண்டிருக்கும் உலையிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமோ வாசனையோ கிடையாது. ஆளைத் தனியாக உள்ளே அனுப்பாதீர்கள்.

இந்தியாவில் 1923 முதல் பாய்லருக்கென்று சட்டம் உண்டு, ஆண்டுக்கு ஒருமுறை சோதனையும் உண்டு. சோதனைக்கு வருகிறவர் முக்கியமாகப் பார்ப்பது அழுத்தம் தாங்கும் பாகங்களை. உங்கள் கிரேட் அடைத்திருக்கிறதா, பின்கதவு கசிகிறதா என்பதை நீங்கள்தான் பார்த்தாக வேண்டும். சோதனைக்காக எப்படியும் பாய்லரை நிறுத்தி ஆறவிடுகிறீர்கள், அந்த நாட்களில் காற்றுப் பாதையையும் முனை முதல் முனை வரை திறந்து பார்த்துவிடலாம்.

கடைசியாக முதலாளிகளுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் ஃபயர்மேன் விறகு போடும் இடத்தில் போய் நின்று அண்ணாந்து பாருங்கள். தலைக்கு மேலே தகரக் கூரைதான் தெரியும், சிம்னி உச்சி தெரியாது. தான் கூட்டிக் குறைக்கிற காற்றின் பலனைப் பார்க்க முடியாதவரிடம் புகை ஏன் வருகிறது என்று கோபப்பட்டுப் பயனில்லை. கேட்டுக்கு ஒரு சிசிடிவி கேமரா வைத்திருப்பீர்கள். இன்னொன்றை சிம்னி உச்சியைப் பார்த்துத் திருப்பி, அதன் திரையை பாய்லர் பக்கத்தில் மாட்டிக் கொடுங்கள்.